உள்ளங்காலையும் பார்ப்போம், செல்போனையும் பழகுவோம்



உப்பளத்திலும் கடற்கரையிலும் பாடுபடுகிறவர்கள் நாம். நமக்குத் தோல் புற்றுநோய் வருமா? நம் நாட்டில் குறைவுதான், ஆனாலும் வரும். ‘மெலனோமா’ என்ற வகை, நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற வெயில் படாத இடங்களில்தான் அதிகம் வருகிறது. பழைய தீக்காயத் தழும்பில் வேறு வகை வரலாம். “உப்புத் தண்ணியில் வெடிச்ச கால்தானே” என்று ஆறாத புண்ணை விட்டுவிடக்கூடாது.

சிகிச்சை முடிந்து குணமானவர்களுக்கும் நோய் திரும்பலாம். டாக்டர் சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போகணும். மாதம் ஒருமுறை நாமே உடம்பைப் பார்க்கணும். நடுவில் சந்தேகம் வந்தால்? வேம்பாரிலிருந்தோ மணப்பாட்டிலிருந்தோ தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. இங்கேதான் செல்போன் கைகொடுக்கும். 2020 ஏப்ரலில் வந்த மத்திய அரசின் ‘இ-சஞ்சீவனி’ சேவையின் ஆப்பில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம்.

எது தடுக்கிறது?

1. போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கிறது. ஆப்புக்குள் போகக் கேட்கும் ஓ.டி.பி. எண்ணும் அந்தப் போனுக்கே வருகிறது.
2. ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் பயம்.
3. மறைவான இடத்துப் புண்ணை யார் எதிரில் காட்டுவது என்ற கூச்சம்.
4. போட்டோவைப் பார்த்து நோய் சொல்லும் ஆப்களை நம்பிவிடுவது. அவை பெரும்பாலும் வெள்ளைத்தோல்காரர்களின் படங்களை வைத்துப் பழக்கப்பட்டவை. ‘ஒன்றுமில்லை’ என்று அது சொன்னாலும் டாக்டரைப் பார்க்கணும்.

எது உதவும்?

குழுவில் போன் தெரிந்த ஒரு சகோதரி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், பயம் போய்விடும். டாக்டரிடம் பேசும்போது அவர் எழுந்து வெளியே போய்விடணும். மருத்துவச் சீட்டுகளைப் படமெடுத்து வையுங்கள். மச்சத்தையோ புண்ணையோ பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுங்கள். அடுத்த மாதம் வளர்ந்திருக்கிறதா என்று தெரியும். போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்கிறவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். ஆப் வராதவர்கள் சாதாரண போனிலேயே 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். ரத்தம் கசிந்தாலும், மச்சம் நிறம் மாறிப் பரவினாலும், அக்குளிலோ தொடை இடுக்கிலோ கட்டி தட்டுப்பட்டாலும் ஆப்பைத் திறந்துகொண்டு இருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்: நம் குழுவில் எத்தனை பேர் கையில் சொந்தப் போன் இருக்கிறது? இல்லாதவருக்கு யார் துணை?