கொதிக்க வைக்காத கஷாயம்

போன கூட்டத்தில் நம் சங்கத்து மாமி ஒருவர், "மலேரியாவுக்கு மரிக்கொழுந்து ஜாதிச் செடி ஒன்று கைகண்ட மருந்தாமே, கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். காரணத்தை விளக்க அங்கே நேரமில்லை.

1984-ல் அஸ்ஸாமில் லம்டிங் பக்கம் பாதை வேலையில் இருந்தபோது எனக்கு மலேரியா வந்தது. குளோரோகுயின் கேட்கவில்லை. குயினைன் ஏற்றிப் பிழைத்தேன். பல நாள் காதில் எஞ்சின் விசில் ஊதியபடி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த கேங்மேன் பிழைக்கவில்லை. அதனால் இந்த மருந்தின் கதையைத் தேடிப் படித்தேன். நான் டிப்ளமோக்காரன், ரசாயனம் அறிந்தவர்கள் பிழை பொறுக்கவும்.

சீனாவில் அந்தச் செடியின் பெயர் சிங்ஹாவ். 1969-ல் மலேரியா ஆராய்ச்சியில் சேர்ந்த து யூயூ அம்மையார் அதன் சாற்றைச் சோதித்தார். பலன் நிலையாக இல்லை. 4-ஆம் நூற்றாண்டு வைத்திய நூல் ஒன்றில், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் இலையை ஊறவைத்துச் சாறு எடுத்தார். அதிலிருந்த அமிலப் பகுதியைக் காரம் சேர்த்துப் பிரித்து நீக்கினார். அது நச்சு; மருந்துக் குணமும் இல்லை. மிஞ்சிய பகுதியை 1971 அக்டோபரில் எலிகளுக்குக் கொடுத்தார்கள். கிருமி முழுவதும் ஒழிந்தது. அடுத்த ஆண்டு தாமே குடித்துப் பார்த்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். அந்த ஆண்டே படிகமும் கிடைத்தது. அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

ரயில்வேக்காரனான எனக்கு இதில் பிடித்தது ஒரு பாலம். அந்த மூலக்கூறில் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் கைகோத்துப் பாலமாக நிற்கின்றன. நம் ரத்தத்தைத் தின்னும் கிருமிக்குள் இருக்கும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்கிறது; உடைந்த துண்டுகள் கிருமியைத் தாக்குகின்றன.

ஆனால் படிகம் தண்ணீரிலும் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் கரையாது. நினைவிழந்து கிடப்பவருக்கு எப்படி ஏற்றுவது? 1973-ல் அமைப்பைச் சரிபார்க்க சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்தார்கள். பாலம் அப்படியே நிற்க, வேறொரு மூலையில் ஒரு ஹைட்ராக்ஸில் கொக்கி முளைத்தது. பெட்டிகளை இணைப்பது போல அதில் எதையும் மாட்டலாம். மெத்தில் மாட்டினால் எண்ணெயில் கரையும் ஆர்ட்டிமெதர். எத்தில் மாட்டினால் ஆர்ட்டீதர். லக்னோ ஆராய்ச்சிக் கூடங்களில் உருவாகி 1997-ல் விற்பனைக்கு வந்தது. சக்சினிக் அமிலம் மாட்டினால் நரம்பில் ஏற்றத்தக்க ஆர்ட்டிசுனேட். இந்தியா உட்பட நான்கு நாடுகளில் கடும் மலேரியா கண்ட 1,461 பேரிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. குயினைன் பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேரும், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 பேரும் இறந்தார்கள்.

மாமிக்குப் பதில் இதுதான்: நீரில் கரையாத மருந்து கஷாயத்தில் அரைகுறையாகவே இறங்கும். அந்த அளவுக்குக் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தம் சோதியுங்கள். டாக்டர் மூன்று நாள் மாத்திரை கொடுத்தால், இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டாலும் மூன்றாம் நாள் மாத்திரையையும் போட்டுவிடுங்கள்.