ஆள் சேர்த்தால் காசு: கையெழுத்துப் போடமுன் ஒரு பாடம்



போன வாரம் முகாமிலிருந்து ஒரு தம்பி வந்தார். லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையத்தடியில் பழக்கமான ஒருவர், எங்கட ஊர்க்காரர்தான், "2,500 குறோணர் கட்டு, மூன்று பேரைச் சேர்த்துவிடு, பிறகு காசு தானாக வரும்" என்றாராம். தம்பியும் கட்டிவிட்டார். "ரீச்சர், இது பிழையோ?" என்று கேட்டார்.

பிழைதான். நோர்வேயில் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பணவிளையாட்டுச் சட்டம் பிரமிட் முறையைத் தடைசெய்கிறது. அதற்கு முந்திய லொத்தர் சட்டத்திலும் இந்தத் தடை இருந்தது. தொடங்குவது, நடத்துவது, பரப்புவது மட்டுமல்ல, அதில் சேருவதும் தடை. "நான் காசு கட்டினவன் மட்டும்" என்று சொல்லித் தப்ப ஏலாது. இலங்கையிலும் இது வங்கிச் சட்டத்தின் கீழ் தடைதான்.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் மூன்று பேர், அந்த மூவரும் மும்மூன்று பேர் என்று போனால், 11வது படியில் மட்டும் 1,77,147 பேர் வேண்டும். லில்லெஸ்ட்ரோம் நகரசபைப் பகுதி முழுவதிலும் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. கடைசியாகச் சேருபவரின் காசுதான் மேலே போகிறது. எங்கட சீட்டு வேறு. அதில் கட்டின காசு சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் கிடைக்கும்.

பொருள் விற்றால் சரிதானே என்பார்கள். பொருள் இருந்தால் மட்டும் போதாது. வருமானம் முக்கியமாக எங்கிருந்து வருகிறது என்பதையே சட்டம் பார்க்கும். கழிவு அட்டை கொடுத்த லியோனெஸ் நிறுவனத்தின் முறையும் பிரமிட் போன்றதுதான் என்று 2018 இல் லொத்தர் மேற்பார்வைத் திணைக்களம் முடிவுசெய்து, அதை நிறுத்தச் சொன்னது.

அப்படியென்றால் ரெலிபோன் கொம்பனி "நண்பரைச் சேர்த்தால் 200 குறோணர்" என்பது? இதை இங்கே "வெர்விங்" என்பார்கள். சேருவதற்கு நீங்கள் காசு கட்டாமல், நண்பர் உண்மையிலேயே இணைப்பு வாங்கினதற்கு ஒருமுறை பரிசு கிடைத்தால், அது பிரமிட் அல்ல. முடிதிருத்தும் கடை வைத்திருப்பவரும் அப்படிக் கழிவு கொடுக்கலாம்.

ஆனால் அதற்கும் விதி உண்டு. 2009 ஆம் ஆண்டின் சந்தைப்படுத்தல் சட்டப்படி, ஒருவர் முன்கூட்டியே சம்மதிக்காமல் அவருடைய கைத்தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ கொம்பனி விளம்பரம் அனுப்பக் கூடாது. ஆகவே முகாமில் உள்ளவர்களின் நம்பர்களை எழுதிக் கொடுக்காதீர்கள். தஞ்சம் கேட்டிருப்பவரின் பெயரும் நம்பரும் யாருடைய கையில் போகும் என்று உங்களுக்கே தெரியும். பரிசுக்காக முகநூலில் எழுதினால், அது விளம்பரம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. தொடர்ந்து கமிசனுக்கு ஆள் சேர்ப்பது வேலை. தஞ்சக் கோரிக்கையாளருக்குத் தற்காலிக வேலை அனுமதி கிடைக்கும் வரை வேலை செய்ய முடியாது. அனுமதி கிடைத்தாலும் வரி அட்டை வேண்டும். "கையில் காசாகத் தாறம்" என்பவரிடம் கவனம்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? இனி ஒருவரையும் சேர்க்காதீர்கள். வங்கிச் சிட்டை, குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்து வாருங்கள். முறைப்பாட்டை நோர்வேஜிய மொழியில் எழுத நாங்கள் உதவுவோம், காசு வாங்குவதில்லை. அந்தத் தம்பி நல்லகாலம், மூன்று பேரில் ஒருவரையும் இன்னும் கேட்கவில்லை.