ஆம்புலன்ஸ் விமானத்தில் பாயில் விதி

கனடாவின் வட கோடியில் நூனவுட் என்றொரு பிரதேசம் இருக்கிறது. 1999 ஏப்ரல் 1-ஆம் நாள் தனிப் பிரதேசமாக அமைந்தது. அதன் பரப்பு சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது இந்தியாவின் பரப்பில் மூன்றில் இரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அங்கு வாழ்வோரோ 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 37,000 பேர்தாம். 25 ஊர்களில் சிதறி வாழும் இவர்களில் பெரும்பாலோர் இனுயிட் மக்கள். ஓர் ஊரை மற்றோர் ஊருடன் இணைக்கும் சாலை கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி கடலும் உறைந்து கிடக்கும்.

அங்கு ஒருவருக்கு மார்பில் பலத்த அடிபட்டால் என்ன செய்வது? விமானம் ஒன்றே வழி. பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் சிறு வாடகை விமான நிறுவனங்கள் நோயாளிகளையும் ஏற்றிச் செல்கின்றன. பீச்கிராஃப்ட் கிங் ஏர் போன்ற இரட்டை எஞ்சின் விமானங்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. பெரும்பாலான ஓடுபாதைகள் சரளைக்கல் பரப்பியவை. அவற்றில் இவ்விமானங்கள் இறங்கி ஏற முடியும்.

நோயாளியை ஏற்றியதும் உயரே பறந்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் எண்ணலாம். இங்கேதான் பௌதிகம் குறுக்கிடுகிறது.

உடலுக்குள் அடைபட்ட காற்று

வெப்பநிலை மாறாதபோது, ஒரு வாயுவின் பருமன் அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட இவ்விதியை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள்.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். 7,500 மீட்டர் உயரத்தில் அது சுமார் 287 மி.மீ. மட்டுமே. ஆகவே விமான அறைக்குள் காற்றைச் செலுத்தி அழுத்தத்தை உயர்த்துகிறார்கள். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கிங் ஏர் 200 விமானத்தின் உடற்பகுதி, உள்ளுக்கும் வெளிக்கும் இடையே சுமார் 335 மி.மீ. அழுத்த வேறுபாட்டையே தாங்கும்படி அமைக்கப்பட்டது. எனவே அந்த உயரத்தில் அறை அழுத்தம் 287 + 335 = 622 மி.மீ.க்கு மேல் போகாது.

இப்போது கணக்கிடுவோம். தரையில் 100 கன செ.மீ. இருந்த காற்று, இவ்வறையில் 100 × 760 ÷ 622, அதாவது சுமார் 122 கன செ.மீ. ஆகும்.

நலமாயிருப்பவருக்கு இதனால் காது சற்று அடைக்கும், அவ்வளவே. மார்பில் அடிபட்டவருக்கோ, நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே காற்று புகுந்து அடைபட்டிருக்கக்கூடும். அது விரிந்தால் நுரையீரலை மேலும் நெருக்கி மூச்சைத் திணறச் செய்யும். ஆகவே, விமானம் கிளம்புமுன்பே மார்பில் ஒரு குழாயைச் செருகி அக்காற்றை வெளியேற்றுகிறார்கள்.

உயரே ஆக்ஸிஜனும் குறையுமே என்று கேட்கலாம். குறையும்; காற்றில் 21 விழுக்காடு ஆக்ஸிஜன். அதன் பகுதி அழுத்தம் தரையில் 160 மி.மீ.; இவ்வறையில் 131 மி.மீ. ஆனால் முகமூடி வழியே ஆக்ஸிஜன் தந்து இக்குறையைச் சரிசெய்துவிடலாம். அடைபட்ட காற்றின் விரிவை முகமூடி தடுக்காது. அறை அழுத்தத்தை உயர்த்தினால்தான் அது அடங்கும்.

தாழப் பறத்தல்

அதற்கும் வழி உண்டு. சுமார் 4,500 மீட்டரில் வெளி அழுத்தம் 433 மி.மீ. இதனுடன் 335-ஐக் கூட்டினால் 768! அதாவது, அந்த உயரம்வரை அறைக்குள் கடல் மட்ட அழுத்தத்தையே வைத்திருக்கலாம்.

ஆனால் தாழ்ந்த உயரத்தில் காற்று அடர்த்தியானது. ஒரே தூரத்துக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். நூனவுட்டின் தலைநகர் இக்காலூயிட்டிலிருந்து ஒட்டாவா நகரம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். இடையில் இறங்குமிடங்கள் மிகச் சில. நோயாளியின் நுரையீரலுக்கு நல்லது எதுவோ, அது எரிபொருள் கலத்துக்கு நல்லதன்று. இரண்டையும் எடைபோட்டே விமானியும் மருத்துவக் குழுவும் உயரத்தை முடிவு செய்கிறார்கள்.

குளிர் செய்யும் ஏமாற்று

உயரமானி என்பது உண்மையில் ஓர் அழுத்தமானியே. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கதாதலால், மேலே செல்லச் செல்ல அதன் அழுத்தம் விரைவாகக் குறைகிறது. எனவே கருவி, இருக்கும் உயரத்தைவிட அதிகமாகக் காட்டும். தரையில் வெப்பநிலை −40° செல்சியஸ் என்றால், விமானம் உண்மையில் 300 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது கருவி சுமார் 370 மீட்டர் காட்டும். திருத்தம் செய்யாத விமானி, இருட்டில் குன்றின்மேல் மோத நேரிடும்.

பல ஆம்புலன்ஸ் விமான நிறுவனங்களில் ஒரு வழக்கம் உண்டு. பறக்கலாமா என்று விமானி முடிவு செய்யும்வரை, நோயாளியின் நிலையை அவரிடம் சொல்வதில்லை. இரக்கம் மேலிட்டு, பறக்கத் தகாத வானிலையில் அவர் கிளம்பிவிடக் கூடாதல்லவா? போனால் ஓர் உயிர் மட்டும் போகாது.

செய்து பாருங்கள்

ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சு ஒன்றில், சிறிதே ஊதி முடிந்த பலூன் துண்டைப் போடுங்கள். முனையை விரலால் அடைத்து உந்துதண்டைப் பின்னுக்கு இழுங்கள். பலூன் பருப்பதைக் காண்பீர்கள். உயரே செல்லும் நோயாளியின் மார்புக்குள் நேர்வதும் இதுவே. பிறகு இதையும் கணக்கிடுங்கள்: வெளி அழுத்தம் 200 மி.மீ. ஆக உள்ள உயரத்தில் இவ்விமானம் பறந்தால், 100 கன செ.மீ. காற்று எவ்வளவாகும்?