பல்லியமும் தனி நரம்பிசையும்

பல இசைக் கருவிகள் ஒருங்கே ஒலிப்பதனைப் பல்லியம் என்று வழங்கினர் நம் முன்னோர். இயம் என்பது வாத்தியம். நெடும்பல்லியத்தனார் என்னும் பெயருடைய புலவரொருவர் சங்ககாலத்தில் வாழ்ந்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஆடுங்கால் குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் முறையே பின்பற்ற, ஆமந்திரிகையும் உடன்சேர்ந்து யாவும் ஒன்றுபட்டமை கூறப்படுகின்றது. ஆகவே, கூட்டிசை மேனாட்டார்க்கே உரியதென நம் மாணவர் எண்ணுதல் பொருந்தாது. பிறர் இசையைச் செவிமடுத்து அதன்வழி நிற்றலே பல்லியத்தின் இலக்கணம் என்பதை இளங்கோவடிகள் அன்றே உணர்த்தியுள்ளார்.

அங்ஙனமாயின், பலர் கூடிய குழுவிலே தனித்திறன் வாய்ந்த ஒருவனுக்கு இடம் யாது? கூட்டம் அவனை விழுங்கிவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த இரண்டினை நோக்குவாம். ஒன்று இங்கிலாந்திலும் மற்றொன்று இந்தியாவிலும் நிகழ்ந்தவை.

1910ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் நாள், இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரத்துப் பேராலயத்தில், வோன் வில்லியம்ஸ் என்னும் இசையறிஞர் தாம் புதிதாக இயற்றிய இசையொன்றை இலண்டன் சிம்பனி இசைக் குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். தாலிஸ் என்னும் பழைய இசையாசிரியரது மெட்டு ஒன்றே அதற்கு வித்து. அம்மெட்டு 1567ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய சங்கீதப் பாடல் நூலொன்றிற் கிடந்தது. அவ்வரங்கேற்றத்தில் ஊதுகருவியும் இல்லை, தோற்கருவியும் இல்லை. வில்லால் இசைக்கும் நரம்புக் கருவிகளே இருந்தன. அவற்றை ஆசிரியர் மூன்றாகப் பகுத்தார்: பெருங்குழு ஒன்று, அதனின்று விலகி அமரும் ஒன்பதின்மர் கொண்ட சிறுகுழு ஒன்று, தனியிசைப்போர் நால்வர். பெருங்குழு முழங்கியதனைச் சிறுகுழு எதிரொலிபோல மெல்லென விடுக்கும். பின்னர் வியோலாவும் வயலினும் தனிக்குரலாக எழும்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்நால்வரும் வெளியிலிருந்து வந்த விருந்தினர் அல்லர். அக்குழுவுடன் இருந்து வாசிப்போரே. வேண்டுமிடத்துத் தனித்தெழுந்து, வேண்டாவிடத்துக் கூட்டத்துள் அமைந்தனர். மற்றையோர் தம் ஒலியைத் தாழ்த்தியமையாலேயே அவர்தம் தனியிசை நம் செவிக்கு எட்டுகின்றது.

இனி, இந்தியாவிற்கு வருவாம். மத்திய இந்தியாவில் மைஹர் என்னும் சிற்றரசு இருந்தது. அதன் அரசவைக் கலைஞராக அமர்ந்த அலாவுதீன் கான், கிழக்கு வங்காளத்தில் பிறந்து, கல்கத்தாவில் பல கருவிகளைப் பயின்றவர். அங்கே நாடக அரங்கின் வாத்தியக் குழுவிலும் இருந்தவர். சுவாமி விவேகானந்தரின் உறவினரான ஹாபு தத்தர் அவருடைய ஆசிரியருள் ஒருவர். 1918ஆம் ஆண்டையொட்டி, கொள்ளைநோயினால் பெற்றோரை இழந்து திக்கற்று நின்ற சிறுவரைத் திரட்டி, அலாவுதீன் கான் ஒரு வாத்தியக் குழுவை அமைத்தார். எழுத்தறியாத அப்பிள்ளைகள் செவியினாலேயே இசை கற்றனர். சித்தாரும் சரோட்டும் மேனாட்டு வயலினும் செல்லோவும் அங்கே ஒருங்கு அமர்ந்தன. பழைய துப்பாக்கிக் குழல்களை அளவாக நறுக்கி, தட்டி இசைக்கும் ‘நளதரங்கம்’ என்னும் புதுக் கருவியையும் அவர் ஆக்கினார். கொல்வதற்கு ஆக்கிய இரும்பு சுரம் பாடிற்று. எவர்க்கும் வேண்டாதவராய்க் கிடந்த சிறுவர் அரசவைக் கலைஞராயினர்.

அதே ஆசிரியரிடமே அலி அக்பர் கான், அன்னபூர்ணா தேவி, ரவிசங்கர் ஆகிய தனியிசை வல்லுநரும் உருவாயினர். 1938இல் மைஹர் சென்று பயின்ற ரவிசங்கர், 1971இல் சித்தாருக்கும் மேனாட்டுப் பெருங்குழுவுக்குமெனத் தாம் இயற்றிய இசையை இலண்டனில் வாசித்தார். அவருடன் இசைத்தது, குளொஸ்டரில் 1910இல் இசைத்த அதே இலண்டன் சிம்பனிக் குழுவேயாம். கூட்டிசையைப் பயிற்றிய ஆசிரியரே தலைசிறந்த தனியிசையாளரையும் ஈன்றார் என்பது இதனாற் பெறப்படும். கூட்டம் தனித்திறனை விழுங்குவதன்று, அதனைத் தாங்குவது.

இச்செய்தி ஊவா மாகாணத்து நமக்கு எற்றுக்கு எனின், கூறுவாம். பதுளை, பசறை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களிலே நெடுங்காலமாக ஒலித்து வருவது தப்பு. தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்தது அதுவே. காமன் கூத்துக்கும், திருவிழாவுக்கும், இறுதிச் சடங்குக்கும் வெவ்வேறு அடிகள் அதற்கு உண்டு. அவற்றை வேறுபாடு அறிந்து அடிப்பவர் நுண்ணிய தாளக் கலைஞர் என்பதில் ஐயமில்லை. எனினும், அதனைச் சாதியோடு பிணைத்து இழிவாகக் கருதும் பழக்கம் நம்மிடையே இன்னும் அற்றொழியவில்லை. தந்தை கையிலிருந்த தப்பை மகன் தொட நாணுகின்றான். வயலின் பயிலும் மாணவனோ, அது நம் மண்ணிற் பிறந்ததன்று என்பதை எண்ணுவதேயில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் கைக்கொண்ட பின்னரே அது நம் இசைக்கு உரியதாயிற்று. கடல் கடந்து வந்த கருவிக்கு இடமளித்த நாம், லயங்களில் ஒலிக்கும் கருவிக்கு இடமில்லை என்பது முறையாகுமா?

மைஹரில் பெற்றோரை இழந்த சிறுவர்க்கும் துப்பாக்கிக் குழலுக்கும் இடம் கிடைத்தது போல, நம் பாடசாலைக் குழுக்களில் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் மிருதங்கத்துக்கும் அருகே தப்புக்கும் ஓர் இடம் வேண்டும். அதனைப் பயிற்றத் தோட்டத்து முதியவரையே ஆசிரியராக அழைத்தல் வேண்டும். மாலையிட்டு மரியாதை செய்வதோடு அமையாது, அவரிடம் அமர்ந்து கற்பதே உண்மையான மதிப்பாகும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறி முடிப்பாம். நால்வர் கூடுக. அறிந்த பாட்டொன்றை ஒருவன் வாசிக்க, மற்றை மூவரும் அவன் ஒலிக்கு மேற்படாது உடன் வாசிக்க. பின் முறைமாற்றி ஏனையோரும் முன்னிற்க. பிறன் தெளிவாகக் கேட்கும்படி தன் கையை அடக்கக் கற்றவனே, தன் முறை வருங்கால் அச்சமின்றி நிமிர்ந்து இசைப்பான். பல்லியம் கற்பிக்கும் முதற் பாடம் இதுவே. பழைய மாணவர்காள், உங்கள் இல்லங்களில் வாளாகிடக்கும் வாத்தியம் ஏதேனும் உளதாயின், அதனை ஒரு தோட்டப் பிள்ளையின் கையில் அளிப்பீராக.