நாம் வாழும் துறைமுகம்: போர்ட் பிளேர்

பிழைப்புக்காகக் கப்பலேறி வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளோ இங்கேயே பிறந்து வளர்பவர்கள். இந்த ஊரின் கதை அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வரைபடத்தில் கடலூரிலிருந்து கிழக்கே விரலை நகர்த்துங்கள். வங்கக் கடலைக் கடந்ததும் தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையில் நம் ஊர் வரும். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். இரண்டு ஊர்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் 13 பாகை வித்தியாசம். பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், சூரியன் நமக்கு ஏறத்தாழ 52 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றே!

நிலத்துக்குள் வளைந்து செல்லும் ஆழமான கடல், வாயிலில் காவலாக ராஸ் தீவு (இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு): இதுவே நம் துறைமுகத்தின் அமைப்பு. இதைக் கண்டுதான் 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தம் தீவில் குடியேற்றம் அமைத்தார். 1792இல் அது வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டது. அங்கே நோய் வாட்டவே, 1796இல் கைவிடப்பட்டது.

1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயருக்கு மீண்டும் இந்த இடம் நினைவுக்கு வந்தது. சுற்றிலும் கடல் இருக்க, மதில் எதற்கு? 1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் முதல் கப்பல் வந்தது. காட்டை வெட்டி ஊரை உருவாக்கியவர்கள் கைதிகளே. ஏழு சிறகுகள் கொண்ட செல்லுலார் சிறை 1906இல்தான் கட்டி முடிந்தது. அவற்றில் மூன்று இன்றும் நிற்கின்றன.

ஆனால், வெட்டப்பட்ட காடு யாருடையது? பெரும் அந்தமானியருடையது. 1859 மே மாதம் அவர்கள் வில்லும் அம்புமாகத் திரண்டு அபர்தீனைத் தாக்கினார்கள். சிறையிலிருந்து தப்பி அவர்களோடு வாழ்ந்த துத்நாத் திவாரி என்ற கைதி, தாக்குதலை முன்கூட்டியே ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டார். அம்பு துப்பாக்கியிடம் தோற்றது. பிறகு, வெளியார் கொண்டுவந்த நோய்கள் அந்த மக்களைக் கொண்டுபோயின. அன்று ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் இன்று ஏறத்தாழ ஐம்பது பேர்.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் சிறையைக் காட்டுகிறோம், தியாகிகளை வணங்குகிறோம். அது சரிதான். அப்படியே கடற்கரையில் உள்ள அபர்தீன் போர் நினைவுச் சின்னத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நாம் அன்றாடம் காய்கறி வாங்கும் அபர்தீன் பஜாரின் பெயரில், தங்கள் மண்ணுக்காகப் போராடியவர்களின் கதையும் இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள்.