கிராம்பு எண்ணெய் கிருமியைக் கொல்லுமா?

கேள்வி: பல் வலித்தால் கிராம்பு எண்ணெய் வைக்கச் சொல்கிறார் மாமியார். அதில் கிருமி சாகுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால். வலிக்கும் இடத்தை மரத்துப்போகச் செய்யும். பாக்டீரியாவின் மேலுறையைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசியவிடும். பல் மருத்துவர்கள் இதைத் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்துத் தற்காலிகமாகக் குழியை அடைப்பார்கள். பல் கிளினிக்கில் அடிக்குமே ஒரு வாசனை, அதுதான். ஆனால் ஆய்வகத் தட்டில் சாகிற கிருமி, சொத்தையின் ஆழத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறு புண்ணாகிவிடும். ஒரு சொட்டை ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் கலந்து, பஞ்சால் ஒற்றுங்கள். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கினால் கல்லீரலைப் பாதிக்கும். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.