வாயில்லா ஜீவனும் வண்டியில் ஏறட்டும்

ஐப்பசி பிறக்கும் நேரம் இது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழைதான் கொடுக்கிறது. புயலையும் அதுதான் கூட்டிவருகிறது. 2016இல் வர்தா, 2018இல் கஜா, 2023இல் மிக்ஜாம், 2024இல் ஃபெஞ்சல், எல்லாமே நவம்பர் நடுவுக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில் வந்தவை. புயலே இல்லாமலும் வெள்ளம் வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தாமிரபரணிக் கரையில் பலருக்கு மொட்டை மாடிக்கு ஏறத்தான் நேரம் இருந்தது. அதனால் வீட்டில் நாய், பூனை, ஆடு, மாடு, கோழி எது இருந்தாலும், அதை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதை வெயில் அடிக்கும் இந்த வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இடுப்பளவு தண்ணீரில் படகு வந்து நிற்கும்போது நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். "பாட்டி, ஏறுங்க. தண்ணி வடிஞ்சதும் வந்து பாத்துக்கலாம்." "இதுகள விட்டுட்டு எங்கய்யா வர்றது? நீங்க போங்க தம்பி, நான் இங்கயே கெடக்குறேன்." வந்த இளைஞருக்கு இன்னும் நாலு தெரு பாக்கி. பாட்டிக்கோ அந்த இரண்டு ஆடும்தான் வருமானம், இரவில் காலடியில் படுக்கும் நாய்தான் துணை. அவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதிவைத்துவிட்டுப் போவது அநியாயம். தன்னை நம்பி இருக்கும் ஒரு உயிரைத் தண்ணீரில் விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. அந்த மனம் சரியான மனம்தான். அவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆட்டையும் நாயையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தின் திருச்சூரில் ஒரு பெண், தான் வளர்த்த இருபத்துச் சொச்சம் நாய்களை விட்டு வர மறுத்தார். முதலில் வந்த மீட்புக் குழுவினரால் நாய்களை ஏற்ற முடியவில்லை. அவர் உதவி கேட்டுச் சொல்லி அனுப்பினார்; விலங்கு நல அமைப்பினர் போய் எல்லாரையும் அழைத்துவந்தார்கள். அமெரிக்காவில் இதே பாடத்தைக் கற்கப் பெரிய விலை கொடுத்தார்கள். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, முகாமிலும் பேருந்திலும் பிராணிகளுக்கு இடமில்லை என்றார்கள். வளர்த்ததை விட முடியாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். பேருந்தில் ஏறும் இடத்தில் ஒரு சிறுவனிடமிருந்து அவனுடைய வெள்ளை நாய்க்குட்டியைப் பிரித்த செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே, 2006 அக்டோபரில், மத்திய அரசின் பேரிடர் நிதி வேண்டுமென்றால் மாநிலங்கள் தங்கள் வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்த்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை, நம் வீட்டுத் திட்டத்தை நாமே போட வேண்டியதுதான்.

முதல் வேலை தடுப்பூசி. ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. இரண்டு வாரமாவது ஆகும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்; எலி மூத்திரம் கலந்த வெள்ளநீர் நாய்க்கும் ஆபத்து, அதன் வழியாக உங்களுக்கும் ஆபத்து. மாட்டுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோமாரி, ஆட்டுக்குத் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய், கோழிக்கு வெள்ளைக்கழிச்சல். இவற்றில் எது பாக்கி என்று அரசு கால்நடை மருந்தகத்தில் சொல்வார்கள். ஊசி போட்ட அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துவைத்து, அசலை ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே போட்டுவிடுங்கள். முகாம் வாசலில் "இந்த நாய் கடிக்குமா, ஊசி போட்டாச்சா?" என்று கேட்பவரிடம் அந்த அட்டைதான் பேசும்.

அடுத்தது அடையாளம். கழுத்துப்பட்டையில் அழியாத மையால் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதுங்கள். முடிந்தால் வெளியூரில் இருக்கும் உறவினர் எண் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் வெள்ளத்தில் முதலில் அணைவது நம் கைப்பேசிதான். நீங்களும் உங்கள் பிராணியும் ஒன்றாக இருக்கும் படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காது மடிப்பு, வால் நுனி வெள்ளை, பழைய தழும்பு ஆகியவை அதில் தெரியட்டும். பத்து நாட்கள் கழித்து எங்கோ ஒரு கொட்டகையில் பத்துப் பழுப்பு நாய்கள் நிற்கும்போது எது உங்களுடையது என்று காட்ட அது வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் நாய்க்கு உரிமம் எடுத்திருக்க வேண்டும். இன்னும் எடுக்காதவர்கள் மழைக்கு முன் எடுத்துவிடுங்கள்.

கூண்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். கடையில் விற்கும் கூண்டு எல்லாராலும் வாங்கக்கூடியதல்ல. காய்கறிச் சந்தையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை வாயோடு வாய் வைத்து நைலான் கயிற்றால் கட்டினால் பூனைக்கும் சின்ன நாய்க்கும் நல்ல கூண்டு. காற்றும் போகும், தண்ணீரும் தேங்காது. கோழிக்குப் பஞ்சாரம் இருக்கவே இருக்கிறது. அதன் அடியில் ஒரு வலைத்துணியைக் கட்டிவிட்டால் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் கூண்டு வாங்கிப் பரணில் போட்டுவைப்பதில் பயனில்லை. இன்றிலிருந்தே அதைத் திறந்தபடி கூடத்தில் வைத்து உள்ளே சோறு வையுங்கள், பழைய புடவை விரியுங்கள். உங்கள் பிராணியின் வாசனை அதில் ஏறட்டும். காற்றும் இடியுமாக இருக்கும் இரவில், அதுவரை பார்த்தே இராத பெட்டிக்குள் எந்தப் பூனையும் போகாது. கடைசி நேரத்தில் பூனை பிடிபடாவிட்டால் தலையணை உறைக்குள் மெல்ல இறக்கி வாயைத் தளர்வாகச் சுருட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்தி உறையாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். பெரிய நாயை நடத்திக்கொண்டு போகவேண்டும் என்றால் சங்கிலியைவிட நீளமான பட்டைக் கயிறே நல்லது. படகில் சங்கிலி மாட்டிக்கொண்டால் அவிழ்ப்பது பெரும்பாடு.

பையில் மூன்று நாள் தீனி, கிண்ணம், பழைய செய்தித்தாள், மருந்து. நாய்க்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு ஐம்பது அறுபது மில்லி தண்ணீர் வேண்டும். பத்துக் கிலோ நாய் என்றால் அரை லிட்டருக்குச் சற்று மேல். நல்ல தண்ணீர் கொடுக்காவிட்டால் அது வெள்ளத் தண்ணீரைக் குடிக்கும்.

இனி, எங்கே போவது? இந்தக் கேள்விக்கு மழைக்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊருக்கான முகாம் எந்தப் பள்ளி, எந்தக் கல்யாண மண்டபம், எந்தப் புயல் பாதுகாப்பு மையம் என்று கிராம நிர்வாக அலுவலரையோ வார்டு கவுன்சிலரையோ கேளுங்கள். கையோடு, "எங்ககிட்ட ரெண்டு ஆடு, ஒரு நாய் இருக்குங்க, எங்க கட்டலாம்?" என்றும் கேளுங்கள். பல பள்ளிகளில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை ஒன்று இருக்கும். மக்கள் படுக்கும் அறைகளிலிருந்து தள்ளி, கூரையோடு இருக்கும் அந்த இடம் இதற்குப் பொருத்தமானது. அக்டோபரில் நாலு குடும்பம் சேர்ந்து போய்க் கேட்டால் தலைமையாசிரியர் யோசித்துச் சொல்வார். நள்ளிரவில் நனைந்துகொண்டு கேட்டால் யாராலும் யோசிக்க முடியாது. முகாமில் நாயைக் கண்டு நடுங்கும் குழந்தைகள் இருப்பார்கள், நாய் அருகில் இருக்கக் கூடாது என்ற வழக்கம் உள்ளவர்கள் இருப்பார்கள், ஆஸ்துமாக்காரர்கள் இருப்பார்கள். அவர்களும் வீட்டை விட்டுவிட்டு வந்தவர்களே. கயிற்றை அவிழ்க்காமல், கழிவை உடனே அள்ளி, உங்கள் பிராணியை உங்கள் பொறுப்பிலேயே வைத்திருங்கள். இதைவிட நல்லது, மேடான இடத்தில் இருக்கும் அத்தை வீடோ நண்பர் வீடோ ஒன்றை இப்போதே பேசிவைப்பது.

புறப்படும் நேரத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பிராணி இருக்கும் வீடு மற்ற வீடுகளுக்கு முன்பே கிளம்ப வேண்டும். வானிலை ஆய்வு மையம் புயல் எச்சரிக்கையைப் படிப்படியாகத்தான் தருகிறது. 72 மணி நேரத்துக்கு முன் முதல் கண்காணிப்புச் செய்தி, 48 மணி நேரத்துக்கு முன் மஞ்சள், 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு, கடைசி 12 மணி நேரத்தில் சிவப்பு. மஞ்சள் வந்ததும் பூனையை ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். நாயைத் தெருவுக்கு அவிழ்த்துவிடாதீர்கள். ஆரஞ்சு வருவதற்குள், பேருந்தும் ஆட்டோவும் ஓடும்போதே, பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஆட்டோக்காரர் நாயை ஏற்ற மாட்டேன் என்று சொன்னாலும் அடுத்த ஆட்டோவைப் பார்க்க அப்போது அவகாசம் இருக்கும்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அப்படிப்பட்ட காற்றில் தென்னை மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் கட்டிக்கிடக்கும் மாடு என்ன செய்யும்? கொட்டகையைவிட, மரமும் மின்கம்பியும் இல்லாத திறந்த மேடே பாதுகாப்பு. வண்டியில் ஏற்ற முடிந்தால் ஏற்றுங்கள். முடியாவிட்டால் இரண்டு நாள் முன்பே மேட்டுக்கு ஓட்டிச்செல்லுங்கள். அதுவும் முடியாத நிலையில் தும்பை அவிழ்த்துவிடுங்கள். மூக்கணாங்கயிறு எதிலும் சிக்காமல் இருக்கட்டும். அவிழ்ந்த மாடு நீந்தும், மேடு தேடும். முளைக்குச்சியில் கட்டிய மாட்டுக்கு அந்த வழி இல்லை. இந்தப் பருவம் முழுக்க இரவில் ஒரு இழுப்பில் அவிழும் உருவு முடிச்சையே போடுங்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள். காதில் அடையாள வில்லை இருக்கிறதா என்று பார்த்து அதன் எண்ணை எழுதிவையுங்கள். இழப்பீடு கேட்கும்போது கால்நடை மருத்துவரின் சான்றும் படமும் வேண்டியிருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தமிழ்நாடு அரசு மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று அறிவித்தது. நாய்க்கும் பூனைக்கும் நிவாரணப் பட்டியலில் இடமில்லை. பாட்டியின் காலடியில் படுக்கும் நாய்க்கு அரசிடம் விலையில்லை என்பதற்காகப் படகிலும் இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மீட்புக்குப் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வர மறுப்பவரோடு வாதாடும் பத்து நிமிடத்தில் நாயைத் தூக்கி ஏற்றிவிடலாம். "ஆட்டையும் ஏத்திக்கலாம் பாட்டி, நீங்க முதல்ல கயித்த எடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், அவர் உங்களுக்கு முன்னால் படியிறங்குவார். படகில் ஒரு கோணிப்பை, இரண்டு முழம் துணி, ஒரு கயிறு போட்டுவையுங்கள். மிரண்ட நாயை வீட்டுக்காரரையே பிடிக்கச் சொல்லுங்கள். கடிக்கும் என்றால் துணியால் வாயைச் சுற்றிக் கட்டலாம். ஏறி உட்கார்ந்ததும் அவிழ்த்துவிட வேண்டும், வாய் திறந்து மூச்சு வாங்காமல் நாயால் வெப்பம் தாங்க முடியாது.

எல்லாம் கைமீறிப்போய், உயிர் பிழைக்க விட்டுவிட்டு ஏறத்தான் வேண்டும் என்ற நிலை வரலாம். அப்போதும் கட்டிப்போடாதீர்கள், கூண்டில் அடைத்துவைக்காதீர்கள். மாடிப்படிக் கதவைத் திறந்துவையுங்கள். கவிழாத கனமான பாத்திரங்களில் நிறையத் தண்ணீரும், சிந்தினாலும் கெடாத காய்ந்த தீனியும் மேல்தளத்தில் வையுங்கள். வாசல் கதவில் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் "உள்ளே நாய் 1, பூனை 2" என்று உங்கள் எண்ணோடு எழுதுங்கள். கரையேறியவுடன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070 ஆகியவற்றில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பசியும் தாகமும் படும்படி ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும். மேட்டில் இடம் இருந்தும் கட்டிப்போட்டுவிட்டுக் கிளம்பியவரிடம் சொல்ல நியாயம் எதுவும் இருக்காது.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பும்போது முதலில் நீங்கள் மட்டும் உள்ளே போங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பாம்பு, கண்ணாடித் துண்டு, அறுந்த கம்பி எல்லாம் பார்த்தபிறகு பிராணியை விடுங்கள். வெள்ளநீரில் நடந்த கால்களையும் வயிற்றையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். 2023இல் எண்ணூரில் நடந்ததுபோல் எண்ணெய் கலந்த தண்ணீர் என்றால், நக்கி விழுங்குவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தை நீர்க்கக் கரைத்துத் தேய்த்து அலச வேண்டும். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடாதீர்கள், எவ்வளவு தட்டுப்பாடு இருந்தாலும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் நாய் சாப்பிட மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளித்தாலோ எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கையுறை இல்லாமல் அதன் மூத்திரத்தைத் தொடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆடு மாட்டுக்கு உடம்பு சரியில்லை, கொண்டுபோக வழியில்லை என்றால் கால்நடை அவசர ஊர்திக்கு 1962இல் கூப்பிடுங்கள்.